அரிய பெயருக்குக் கூடுதல் சாட்சி: இரைப்பை லிம்போமாவைக் கண்டறியும் முறை

இரைப்பைப் புற்றுநோய் என்றதும் நாம் நினைப்பது இரைப்பையின் உட்சுவர்ச் செல்களில் பிறக்கும் கார்சினோமாவை. அப்படி நினைப்பதில் தவறில்லை. இரைப்பையில் வரும் புற்றுநோய்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அந்த வகைதான். நூற்றில் ஏறக்குறைய 3 முதல் 5 வரை லிம்போமா, அதாவது நோய் எதிர்ப்பு வேலையைச் செய்யும் நிணநீர்ச் செல்களிலிருந்து வரும் புற்றுநோய். அந்தச் சிறு பங்கிலும் பத்தில் ஒன்பது, மெதுவாக வளரும் மால்ட் லிம்போமாவாகவோ வேகமாக வளரும் பெரிய பி-செல் லிம்போமாவாகவோ இருக்கும். இவ்விரண்டையும் கழித்தபின் மிஞ்சுகிற சொற்பத்தில்தான் மேன்டில் செல் லிம்போமா, பர்கிட் லிம்போமா, பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்போமா, டி-செல் லிம்போமா, என்.கே./டி-செல் லிம்போமா ஆகியவை அடங்குகின்றன. இவ்வளவு அரிதானவற்றைப் பற்றிப் பொது அரங்கில் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நோயைக் கண்டறிவது எத்தகைய சிந்தனை என்பது வழக்கமான நோய்களில் வெளியே தெரிவதில்லை. அரிய நோய்களில்தான் தெரிகிறது. இன்று நான் நிறுவ விரும்புவது ஒரே ஒரு கருத்தை. அரிய லிம்போமாவின் பெயரை எந்தத் தனிச் சோதனையும் தருவதில்லை. எண்டோஸ்கோபியில் கண்டது, திசு, சாயம், வைரஸ், மரபணு, நோயாளியின் நிலை ஆகிய எல்லாம் ஒத்துப்போனால்தான் அந்தப் பெயரை எழுதலாம். பெயர் எவ்வளவு அரிதோ, சாட்சியும் அவ்வளவு கூடுதலாக வேண்டும்.

முதலில், இரைப்பையில் இந்த எச்சரிக்கை ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதைப் பார்ப்போம். நல்ல நிலையில் உள்ள இரைப்பையில் நிணநீர்த் திசு ஏறத்தாழக் கிடையாது. ஆனாலும் நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே லிம்போமா அதிகமாகத் தோன்றும் உறுப்பு இரைப்பைதான். இந்த முரணுக்கு விடை 1980களில் கிடைக்கத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் சுருள் வடிவக் கிருமியைப் பற்றி எழுதினார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இன்று நாம் அழைக்கும் அந்தக் கிருமிக்காக 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு வந்தது. 1983இல் பிரிட்டனில் பீட்டர் ஐசக்சனும் டென்னிஸ் ரைட்டும் சளிச்சவ்வைச் சார்ந்த நிணநீர்த் திசுவிலிருந்து எழும் தனி வகை லிம்போமா, அதாவது மால்ட் லிம்போமா, உண்டு என்று காட்டினார்கள். இரண்டு கண்டுபிடிப்புகளும் 1991இல் சந்தித்தன. ஆண்ட்ரூ வோதர்ஸ்பூனும் ஐசக்சனும் சக ஆய்வாளர்களும் 110 நோயாளிகளின் இரைப்பை மால்ட் லிம்போமாத் திசுக்களை ஆராய்ந்தபோது, 92 விழுக்காட்டில் அந்தக் கிருமி இருந்தது. 1993இல் அவர்களே 6 நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் கிருமியை ஒழித்தார்கள். 5 பேரிடம் லிம்போமா பின்வாங்கியது. கிருமியை எதிர்க்கத் திரண்ட செல்கள்தான் காலப்போக்கில் கட்டுமீறிப் பெருகியிருக்கின்றன. அழற்சி ஒரு கரை, புற்றுநோய் மறுகரை என்று இரைப்பையில் கோடு கிழிக்க முடியாது. நடுவில் ஒரு நீண்ட சரிவு இருக்கிறது. திசுவைப் பார்ப்பவர் அந்தச் சரிவில் எங்கே நிற்கிறோம் என்று சொல்லியாக வேண்டும்.

அப்படிச் சொல்லும் பெயர் வெறும் பட்டியலுக்கான பெயராக இருந்தால் இவ்வளவு கவலை வேண்டியதில்லை. ஆனால் சிகிச்சை முழுவதும் பெயரைத் தொற்றிக்கொண்டு வருகிறது. தொடக்க நிலையில் உள்ள, கிருமியோடு கூடிய மால்ட் லிம்போமாவுக்கு முதல் மருந்து ஆன்டிபயாடிக்; ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. பெரிய பி-செல் லிம்போமாவுக்கு ரிட்டுக்ஸிமாப் சேர்ந்த கீமோதெரபி. ஒரு காலத்தில் இதற்கும் இரைப்பையை வெட்டி எடுத்தார்கள். ஜெர்மனியின் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வுகள் முதலானவை வந்தபின் அறுவை பின்னுக்குப் போனது. பர்கிட் லிம்போமாவுக்கு அதைவிடக் கடுமையான கீமோதெரபி உடனே தொடங்க வேண்டும். என்.கே./டி-செல் லிம்போமா வழக்கமான கீமோதெரபிக்குப் பணிவதில்லை. அதற்கு அஸ்பராஜினேஸ் சேர்ந்த முறைகள் வேண்டும். கார்சினோமாவாக இருந்தால் அறுவை முக்கிய இடம் பெறுகிறது. பின்னால் விரிவாகச் சொல்லப்போகும் ஒரு நிலைக்கோ சிகிச்சையே வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும். எண்டோஸ்கோபித் திரையில் இவை அத்தனையும் ஒரே மாதிரிப் புண்ணாகத் தெரியக்கூடும். பெயரில் நேரும் பிழை, ஆன்டிபயாடிக் போதுமானவருக்கு நஞ்சான மருந்தையும், உடனடிக் கீமோதெரபி வேண்டியவருக்கு வெறும் மாத்திரையையும் கொடுத்துவிடும்.

அரிய நோய்க்கு ஏன் கூடுதல் சாட்சி என்பதற்குக் கணக்கிலும் ஒரு காரணம் உண்டு. எடுத்துக்காட்டுக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் போடுவோம். 10,000 இரைப்பைத் திசுக்களில் 10இல் மட்டுமே குறிப்பிட்ட அரிய லிம்போமா இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் உள்ள சோதனை மிக நல்லது. அந்தப் பத்தையும் தவறாமல் காட்டிவிடும். நோய் இல்லாதவர்களில் நூற்றில் ஒருவரிடம் மட்டும் பொய்யாக இருக்கிறது என்று சொல்லும். முடிவு என்ன? உண்மையாக இருப்பவை 10, பொய்யாகக் காட்டியவை ஏறக்குறைய 100. ‘இருக்கிறது’ என்று வந்த 110 பேரில் பதினோரு பேருக்கு ஒருவர்தான் உண்மையான நோயாளி. சோதனையில் குறையில்லை, நோய் அரிதாக இருப்பதுதான் அந்த விடையின் மதிப்பைக் குறைக்கிறது. அதே சோதனை, பத்தில் ஒருவருக்கு இருக்கும் நோயில் கிடைத்தால் நம்பத்தக்கது. ஆகவே ஒரே ஒரு சாயம் ஏறிவிட்டது, ஒரே ஒரு மரபணு மாற்றம் தெரிந்துவிட்டது என்பதை வைத்து அரிய பெயரை எழுதுவது கணக்குப்படியும் பிழை. ஒன்றையொன்று சாராத இரண்டு மூன்று சான்றுகள் ஒரே விடையைத் தரும்போதுதான் அந்தப் பொய்யான நூறு கழிந்துபோகிறது.

இப்போது சாட்சிகளை ஒவ்வொன்றாக விசாரிப்போம். முதல் சாட்சி எண்டோஸ்கோபி. லிம்போமா இரைப்பையில் புண்ணாக வரலாம், தடித்த மடிப்பாக வரலாம், சிறு முடிச்சுகளாக வரலாம், வெறும் சிவப்பாகவும் வரலாம். சில சமயம் கண்ணுக்குச் சளிச்சவ்வு சாதாரணமாகவே தெரியும். மேன்டில் செல் லிம்போமா நோயாளிகளை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, மேல் உணவுப்பாதையில் 43 விழுக்காட்டினரிடமும் பெருங்குடல் பகுதியில் 88 விழுக்காட்டினரிடமும் நுண்ணோக்கியில் நோய் தெரிந்தது. அவர்களில் பலருக்கு எண்டோஸ்கோபியில் எதுவும் புலப்படவில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பானை முழுவதும் ஒரே தீயில் ஒரே நீரில் வெந்ததால்தான் அந்தப் பழமொழி செல்லும். இரைப்பை அப்படி வேகவில்லை. ஓரிடத்தில் அழற்சி, பக்கத்தில் மால்ட் லிம்போமா, அதன் நடுவிலேயே பெரிய செல்களாக மாறிய ஒரு பகுதி என்று அடுத்தடுத்து இருக்க முடியும். ஆதலால்தான் ஐரோப்பிய நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டுப் பரிந்துரை, கண்ணில் படும் புண்ணிலிருந்து குறைந்தது 10 துண்டுகளும், சாதாரணமாகத் தெரியும் இடங்களிலிருந்து மேலும் சில துண்டுகளும் எடுக்கச் சொல்கிறது. இரண்டு துண்டுகளை எடுத்துவிட்டு, ஆறு வகை நோய்களைப் பிரித்துச் சொல்லுங்கள் என்று ஆய்வகத்தைக் கேட்பது நியாயமில்லை. சளிச்சவ்வுக்கு அடியில் பரவும் கட்டிகளில் மேலோட்டமான துண்டுகள் வெறுமையாக வந்தால், இன்னும் ஆழமாக எடுக்க வேண்டும். அகஒலி எண்டோஸ்கோபியும் சுவரின் எந்த அடுக்கு தடித்திருக்கிறது என்று காட்டி வழிகாட்டும்.

எண்டோஸ்கோபிக்கு முன்பே சாட்சியம் கலைந்துவிடுவதும் உண்டு. நம் ஊர் வழக்கங்களோடு இதற்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. வயிற்றெரிச்சல் என்றால் மருந்துக் கடையில் சீட்டில்லாமலே ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுகிறோம். இந்த அமிலக் குறைப்பு மாத்திரைகள் ஹெலிகோபாக்டரை ஒழிப்பதில்லை. எண்ணிக்கையைக் குறைத்து ஒளித்துவைக்கின்றன. அதனால் கிருமிச் சோதனைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே இவற்றை மருத்துவர் ஆலோசனையோடு நிறுத்தச் சொல்கிறார்கள். ஆன்டிபயாடிக்குகளுக்கு நான்கு வாரம். ‘கிருமி இல்லை’ என்ற பொய்யான விடை வந்தால், ஆன்டிபயாடிக்கால் தீரக்கூடிய நோய் வேறு பெயர் பெற்றுவிடும். ஸ்டீராய்டு இதைவிடப் பெரிய சிக்கல். காரணம் தெரியாத காய்ச்சலுக்கோ மூட்டுவலிக்கோ கொடுத்த ஸ்டீராய்டு, லிம்போமாச் செல்களை ஓரளவு கரைத்துவிடும். கட்டி சுருங்கும், திசு எடுத்தால் அடையாளம் தெரியாது, சில வாரங்களில் நோய் மீண்டும் எழும். காசநோயும் இந்தியாவில் எப்போதும் எண்ணத்தில் இருக்க வேண்டிய ஒன்று. இரைப்பையில் அது அபூர்வம்தான். என்றாலும் எடைக் குறைவு, வீங்கிய கணுக்கள், புண் என்ற மூன்றும் சேர்ந்திருந்தால் காசநோயா லிம்போமாவா என்ற கேள்வி எழும். திசுவில் விடை தேடாமல் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது, லிம்போமாவுக்கு மாதக்கணக்கில் அவகாசம் கொடுப்பதாக முடியலாம்.

இரண்டாவது சாட்சி நுண்ணோக்கி. அதற்குத் துணை, ஆய்வகங்களில் ஐ.எச்.சி. என்று சொல்லும் எதிர்ப்பொருள் சாயச் சோதனை. இங்கே கேள்விகளை வரிசை தவறாமல் கேட்க வேண்டும். முதல் கேள்வி, இது கார்சினோமாவா லிம்போமாவா என்பது. ஒட்டுறவில்லாமல் சிதறிக் கிடக்கும் பெரிய செல்கள் இரண்டிலும் உண்டு. கெரட்டின் சாயம் ஏறினால் கார்சினோமா, சி.டி.45 ஏறினால் லிம்போமா என்ற பக்கம் சாயலாம். அடுத்தது பி-செல்லா டி-செல்லா என்பது, சி.டி.20, சி.டி.3 என்ற இரண்டும் அதைக் காட்டும். சிறிய பி-செல்கள் என்றால் உடனே மால்ட் என்று எழுதிவிடும் ஆசை வரும், ஏனெனில் அதுதான் வழக்கமானது. அங்கேதான் மேன்டில் செல் லிம்போமா ஒளிந்திருக்கிறது. சி.டி.5, சைக்ளின் டி1 என்ற இரண்டு சாயங்களைப் போட்டால் அது வெளிவந்துவிடும்; போடாவிட்டால் நோயாளி பயனில்லாத ஆன்டிபயாடிக்கோடு காத்திருப்பார். இதற்கு நேர்மாறான பொறி பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்போமா. 1997இல் எச்.ஐ.வி. உள்ளவர்களின் வாய்க்குள் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இது, பி-செல் வழி வந்தும் சி.டி.20 சாயத்தை ஏற்பதில்லை. சி.டி.20 இல்லை, சி.டி.3 இல்லை, ஆகவே லிம்போமா இல்லை என்று முடிவுகட்டினால் தவறு, சி.டி.138 கேட்டிருக்க வேண்டும், எச்.ஐ.வி. நிலையும் தெரிந்திருக்க வேண்டும். ஆக, எந்தச் சாயமும் தனியாகப் பேசுவதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது. கேட்காத கேள்விக்கு மௌனம்தான்.

இனி, என் வாதத்துக்கு முதுகெலும்பான நிகழ்வுக்கு வருகிறேன். 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ‘பிளட்’ இதழில் 10 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களுடைய இரைப்பையில் சுமார் 1 செ.மீ. அளவுள்ள மேடுகள் இருந்தன. திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் நடுத்தர, பெரிய அளவிலான விகாரமான செல்கள் சுரப்பிகளுக்குள் புகுந்து அழித்துக்கொண்டிருந்தன. சாயம் போட்டால் சி.டி.56 ஏறியது, செல்லைக் கொல்லும் நச்சுத் துகள்களுக்கான சாயங்களும் ஏறின. பாடநூலைத் திறந்தால் இந்தப் படத்துக்கு எதிரே இருப்பது, மனிதரை விரைவில் கொல்லக்கூடிய என்.கே./டி-செல் லிம்போமா. ஆனால் இந்த நோயாளிகளிடம் பல மேடுகள் தாமாகவே மறைந்தன. சிலருக்கு மீண்டும் வந்து மீண்டும் மறைந்தன. லிம்போமாவால் ஒருவரும் இறக்கவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவிலிருந்து 8 நோயாளிகளைப் பற்றி இதே போன்ற கட்டுரை வந்தது. அவர்களுக்கு இரைப்பையிலும் குடலிலும் இத்தகைய புண்கள் இருந்தன. அவர்களில் சிலருக்கு, லிம்போமா என்று எண்ணி, ஏற்கெனவே கடும் கீமோதெரபி கொடுத்திருந்தார்கள். மருந்து வாங்கியவர், வாங்காதவர் என்ற வேறுபாடில்லாமல் எவருக்கும் நோய் பரவவில்லை. லிம்போமா போன்ற இரைப்பை நோய் என்றும் என்.கே. செல் குடல்நோய் என்றும் அப்போது அழைத்த இந்த நிலை, 2022இல் வெளியான உலகச் சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில், உணவுப்பாதையின் மந்தமான என்.கே. செல் பெருக்கம் என்று தனி இடம் பெற்றிருக்கிறது. அங்கே திசுவைப் பார்த்தவர்களின் கண் பழுதில்லை. சாயமும் பொய் சொல்லவில்லை. சாட்சிகள் சிலவற்றைக் கேட்காமலே தீர்ப்பு எழுதப்பட்டதுதான் குறை.

கேட்டிருக்க வேண்டிய சாட்சி எது? எப்ஸ்டீன்-பார் வைரஸ். உண்மையான என்.கே./டி-செல் லிம்போமாவின் செல்களில் இந்த வைரஸ் ஏறத்தாழ எப்போதும் இருக்கும்; ‘எபர்’ என்ற சோதனையில் உட்கரு கறுத்துத் தெரியும். மேலே சொன்ன மந்தமான நிலையில் அது இருப்பதில்லை. அப்படியானால் ‘எபர்’ ஒன்றே போதுமே, தனிச் சோதனையே பெயரைத் தந்துவிட்டதே என்று நீங்கள் மறுக்கலாம். மறுப்பு சரியாகத்தான் தோன்றுகிறது; ஆனால் அதே 2010இல் விவரிக்கப்பட்ட இன்னொரு நிலை அதைக் கவிழ்த்துவிடுகிறது. முதுமையாலோ, மெத்தோட்ரெக்சேட், அசதயோபிரின் போன்ற எதிர்ப்புத்திறன் குறைக்கும் மருந்துகளாலோ உடல் தளர்ந்தவர்களுக்கு வாயிலும் தோலிலும் உணவுப்பாதையிலும் ஒரு புண் வருகிறது. அதில் ஹாட்ஜ்கின் லிம்போமாவை ஒத்த விகாரமான பெரிய செல்கள் இருக்கின்றன, ‘எபர்’ சோதனையும் பளிச்சென்று ஏறுகிறது. அந்த மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பலருக்குப் புண் ஆறிவிடுகிறது. முதல் நிலையில் வைரஸ் இல்லாததால் அமைதியடைந்தோம். இரண்டாவதில் வைரஸ் இருந்தும் அமைதியடைகிறோம். இரண்டையும் உண்மையான லிம்போமாவிலிருந்து பிரிப்பது வைரஸ் மட்டும் இல்லை. புண் ஒன்றா பலவா, ஆழமா மேலோட்டமா, உடலில் வேறெங்காவது கட்டி உண்டா, காய்ச்சலும் எடைக்குறைவும் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பனவும் சேர்ந்துதான் பிரிக்கின்றன. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார் என்ற ஒரு வரி ஆய்வகத்துக்குப் போகும் தாளில் இல்லாவிட்டால், உலகின் மிகச் சிறந்த பேத்தாலஜிஸ்டும் அந்த இடத்தில் வழுக்கலாம்.

இந்தக் குழப்பமெல்லாம் பழைய காலத்துச் சங்கதி, மரபணுச் சோதனை வந்துவிட்டால் தீர்ந்துவிடும் என்பது அடுத்த மறுப்பு. மரபணுச் சோதனையின் பெருமையை நான் குறைக்கவில்லை. மால்ட் லிம்போமாவில் 11ஆம் 18ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி இணைந்திருந்தால் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் பலிக்காது என்று 2001 முதல் அறிவோம். கதிர்வீச்சு போன்ற வேறு வழிகளை முன்கூட்டியே எண்ண அது உதவுகிறது. மேன்டில் செல்லில் 11, 14 குரோமோசோம்களின் இணைப்பும், பர்கிட்டில் மிக் மரபணுவின் இடமாற்றமும் உறுதியான சான்றுகள். ஆனால் அவையும் அவற்றுக்குரிய திசுத் தோற்றத்தோடு சேர்ந்தபோதுதான் உறுதி. செல்கள் அனைத்தும் ஒரே மூலத்தின் வாரிசுகளா என்று பார்க்கும் குளோன் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மூலம் என்றால் புற்றுநோய் என்று முன்பு நினைத்தோம். ஹெலிகோபாக்டரால் வந்த வெறும் அழற்சியிலும் அத்தகைய விடை சில சமயம் வருகிறது. என்.கே. செல்களிலோ இந்தச் சோதனை ஊமை. டி-செல் ஏற்பி மரபணுக்களை அவை மாற்றியமைப்பதே இல்லை. மந்தமான அந்த என்.கே. பெருக்கத்திலும் சிலரிடம் ஜாக்3 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதை 2019இல் கண்டார்கள். தானாக மறையும் நோயிலும் மரபணு மாற்றம் உண்டு என்றால், மாற்றம் இருப்பதனாலேயே அது கொடிய புற்றுநோய் என்று எழுத முடியாது. மரபணுவும் ஒரு சாட்சி, வலுவான சாட்சி, ஆனால் நீதிபதியின் நாற்காலியில் அதை உட்கார வைக்கக் கூடாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: இப்படிச் சாட்சி தேடிக்கொண்டிருந்தால் நோயாளி தாங்குவாரா? இது வெறும் வாதத்துக்காகக் கேட்கும் கேள்வி இல்லை. டெனிஸ் பர்கிட் 1958இல் உகாண்டாவின் குழந்தைகளிடம் விவரித்த லிம்போமா ஒன்றிரண்டு நாளில் இரட்டிப்பாகக் கூடியது. இரைப்பையில் அது வந்தால் ஒரு வாரத் தாமதமும் பெரிது. ஆனால் தாமதம் எங்கே நேர்கிறது என்று பாருங்கள். முதல் எண்டோஸ்கோபியில் போதிய திசு எடுக்காமல் இரண்டாம் முறை கூப்பிடுவதிலும், குறிப்பில்லாமல் அனுப்பிய திசுவுக்கு ஆய்வகம் விளக்கம் கேட்டுக் காத்திருப்பதிலும், தவறான பெயரால் தொடங்கிய சிகிச்சையை நிறுத்தி மாற்றுவதிலும்தான் வாரங்கள் கரைகின்றன. முதல் நாளிலேயே நிறையத் துண்டுகள் எடுத்து, சரியான கேள்விகளோடு அனுப்பினால் முக்கியமான சாயங்களின் விடை சில நாள்களில் கிடைத்துவிடும். மேலும் அவசரமும் நோய்க்கு நோய் வேறு. பெருகும் செல்களைக் காட்டும் கே.ஐ.-67 சாயம் ஏறக்குறைய நூறு விழுக்காடு ஏறினால் அந்த மாலையே தொலைபேசியில் சொல்ல வேண்டும். அதே சாயம் மிகக் குறைவாக ஏறிய சிறு செல் நோய்க்கு இரண்டு மூன்று வாரம் எடுத்து ஆராய்வதால் எதுவும் கெட்டுவிடாது. எல்லாவற்றுக்கும் ஒரே வேகம் என்பதுதான் ஆபத்து. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் திசுவை எடுத்து வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம். திசு எடுக்காமல் தொடங்கினால் பிறகு கேட்க சாட்சியே இருக்காது.

மற்றொரு மறுப்பு செலவைப் பற்றியது. இருபது சாயமும் மரபணுச் சோதனையும் மாவட்டத் தலைநகரில் கிடைக்குமா, சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா? எல்லோருக்கும் எல்லாச் சோதனையும் என்று நான் சொல்லவில்லை. கெரட்டின், சி.டி.20, சி.டி.3, கே.ஐ.-67 என்ற சில சாயங்களோடு தொடங்கி, வந்த விடையைப் பொறுத்து அடுத்த படிக்குப் போவதே முறை. பெரும்பாலோருக்கு முதல் படிகளிலேயே விடை கிடைத்துவிடும். பொருந்தாத விடை வரும் சிலருக்கே மேற்படிகள் வேண்டும். அப்போது நோயாளி ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. திசு பதிந்த மெழுகு பிளாக்கும் ஸ்லைடுகளும் பயணம் செய்தால் போதும். பிரான்ஸ் 2010 முதல் லிம்போபாத் என்ற நாடளாவிய அமைப்பின் வழியே லிம்போமாத் திசுக்களை நிபுணர்களிடம் இரண்டாம் பார்வைக்கு அனுப்புகிறது. 2017இல் வெளியான அதன் முடிவுகளின்படி ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முதல் பெயர் மாறியது. 17 விழுக்காட்டினருக்கு அந்த மாற்றம் சிகிச்சையையும் மாற்றக்கூடியதாக இருந்தது. வசதிமிக்க நாட்டிலேயே நிலை இதுவென்றால், இரண்டாம் பார்வையை நாம் முதல் மருத்துவர் மீதான ஐயமாகவோ ஆடம்பரமாகவோ கொள்ள முடியாது. தவறான பெயரில் கொடுக்கும் ஆறு சுற்றுக் கீமோதெரபியின் செலவையும் வேதனையையும் ஒரு பக்கம் வையுங்கள். நான்கைந்து கூடுதல் சாயத்தின் செலவை மறுபக்கம் வையுங்கள். எது சிக்கனம் என்பது தானே விளங்கும்.

நோயாளியாகவோ உறவினராகவோ இருக்கக்கூடிய உங்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்திகள் சில. எடை குறைகிறது, வாந்தியில் இரத்தம் வருகிறது, மலம் தார் போலக் கறுக்கிறது என்றால் அமில மாத்திரையால் அதை மூடி வைக்காதீர்கள். எண்டோஸ்கோபிக்குப் போகும்போது இதுவரை சாப்பிட்ட ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், மூட்டுவலி மருந்து எல்லாவற்றின் பட்டியலையும் கொண்டு செல்லுங்கள். லிம்போமா என்று அறிக்கை வந்தால் எந்த வகை, எந்தச் சாயங்களால் அப்படி முடிவு செய்தார்கள், ஹெலிகோபாக்டர் பார்த்தார்களா, மற்ற இடங்களில் பரவல் பார்த்தார்களா என்று கேளுங்கள். அவை நோயாளி கேட்கத் தகுந்த கேள்விகளே. அரிய வகைப் பெயர் எழுதப்பட்டிருந்தால், மெழுகு பிளாக்கை வாங்கி இரண்டாம் கருத்துக்கு அனுப்பத் தயங்காதீர்கள். பெயர்கள் மாறும், 1983க்கு முன் மால்ட் லிம்போமா இல்லை, 2010க்கு முன் மந்தமான என்.கே. பெருக்கம் இல்லை, ஆனால் அந்தத் திசுக்கள் அன்றும் அப்படியே இருந்தன. புதிய அறிவு வரும்போது பழைய பிளாக்கை மீண்டும் கேட்கலாம், அது பத்திரமாக இருந்தால். மருத்துவ நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, அறிக்கையில் பெயரோடு காரணத்தையும் எழுதுங்கள் என்பதே. எந்தச் சான்று பொருந்துகிறது, எது பொருந்தவில்லை, இன்னும் எது வர வேண்டும் என்று எழுதிய அறிக்கையை அடுத்தவர் சரிபார்க்க முடியும், தவறென்றால் திருத்த முடியும். காரணம் எழுதாத பெயரை நம்பலாம் அல்லது நம்பாமல் இருக்கலாம், திருத்த வழியில்லை. அரிய நோயில் நோயாளியைக் காப்பது அந்தத் திருத்தத்துக்கு இடம் விட்டு எழுதும் நேர்மைதான்.